பஸ் ஸ்டாண்டு போனா போணியும் போகும்: சென்னை பாரிஸ் (பாரிமுனை), வண்ணாரப்பேட்டை சின்ன கடைங்க கதை

சின்ன கடையெல்லாம் ஏன்பா நொடிஞ்சு போகுதுன்னு யாரக் கேட்டாலும் டக்குனு வர்ற பதில் ஆன்லைன். அமேசான் வந்துச்சு, மீஷோ வந்துச்சு, முடிஞ்சுது கதை. நானும் ரொம்ப நாள் இப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன். பழைய வண்ணாரப்பேட்டைல ஒரு பத்து பன்னெண்டு கடைக்கு கணக்கு எழுதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டு குடுக்கறதுதான் என் பொழப்பு, அதனால மாசாமாசம் அவங்க கல்லாவுல என்ன வந்துச்சு என்ன போச்சுன்னு அவங்க வீட்டுக்காரம்மாவுக்கு தெரியறதுக்கு முன்னாடியே எனக்கு தெரிஞ்சிடும். அந்த நோட்டெல்லாம் வருஷக்கணக்கா பாத்ததுல எனக்கு தோணறது வேற. ஆன்லைன் அடிச்சது கடைசி அடி. அதுக்கு முப்பது வருஷம் முன்னாடியே இந்த தெருவுங்ககிட்ட இருந்து ஒண்ணொண்ணா உருவ ஆரம்பிச்சாச்சு.

எட்டுக்கு பத்து அடி கடை ஒண்ணு எதுல ஓடுதுன்னு நெனைக்கிறீங்க? அவங்களுக்குன்னு விளம்பரம் கெடையாது, பேரே கூட பாதி பேருக்கு தெரியாது, "அந்த பச்ச ஷட்டர் கடை"ன்னுதான் சொல்லுவாங்க. அது ஓடறது அடுத்தவன் கூட்டிட்டு வர்ற கூட்டத்துல. கோர்ட்டுக்கு வந்தவரு, காய்கறி வாங்க வந்த மெஸ்காரரு, ஊருக்கு பஸ் ஏற வந்த குடும்பம், மொத்தமா சரக்கு எடுக்க ஆந்திராவுல இருந்து வந்த வியாபாரி, இவங்கல்லாம் வந்த வேலைய முடிச்சுட்டு திரும்பி போறப்ப ஒரு டப்பாவோ ஒரு டவலோ ஒரு பொம்மையோ வாங்கிட்டு போவாங்க. அந்த "போறப்ப வாங்கறது"தான் சில்லறை வியாபாரமே. கூட்டத்த கொண்டு வர்ற பெரிய விஷயம் எடம் மாறினா சின்ன கடைக்கு யாரும் நோட்டீஸ் குடுக்க மாட்டாங்க, அது பாட்டுக்கு காத்தாடும், அவ்ளோதான்.

பாரிஸ்ல இது எத்தன தடவ நடந்துச்சுன்னு எண்ணிப் பாருங்க. சென்ட்ரல் பக்கத்துல 1900ல இருந்து இருந்த மூர் மார்க்கெட் 1985ல எரிஞ்சு போச்சு, அந்த எடத்துல இப்ப லோக்கல் ட்ரெயின் ஸ்டேஷன் நிக்குது, கடைங்கள பக்கத்துல அல்லிக்குளத்துல தூக்கி வச்சாங்க, பழைய கூட்டம் திரும்ப வரல. 1996ல கொத்தவால்சாவடி காய்கறி மார்க்கெட்ட கோயம்பேட்டுக்கு மாத்துனாங்க. அதுல ஞாயம் இருந்துச்சு, நான் இல்லேங்கல, ராத்திரி லாரி உள்ள நுழைஞ்சா மதியம் வரைக்கும் வெளிய வர முடியாது, அழுகுன கோஸ் நாத்தத்துல நடக்க முடியாதுன்னு எங்கப்பா சொல்லுவாரு. ஆனா விடியக்காலைல காய் எடுக்க வர்ற ஆளு அப்படியே கோவிந்தப்ப நாயக்கன் தெருவுல மிளகா மல்லி, தேவராஜ முதலி தெருவுல வளையல் கண்ணாடின்னு ஒரு சுத்து சுத்திட்டுதான் போவாரு. மார்க்கெட் லாரில போச்சு, அந்த சுத்தும் அதோட போச்சு. 2002ல வெளியூர் பஸ்ஸெல்லாம் பாரிஸ் பிராட்வே பஸ் ஸ்டாண்டுல இருந்து கோயம்பேட்டுக்கு போச்சு. 2023 கடைசில ஊருக்கு வெளிய கிளாம்பாக்கம் ஸ்டாண்டு தொறந்தாங்க, அப்புறம் அதுல பாதிக்கு மேல அங்க போச்சு, திருச்சி மதுரை பக்கம் இருந்து சரக்கு எடுக்க வர்ற ஆளு இப்ப விடியக்காலைல கிளாம்பாக்கத்துல எறங்கி அங்கேர்ந்து பாரிஸ் வர்றதுக்குள்ள ஒண்ணரை மணி நேரம் போயிடுது, திரும்பி போக ஒண்ணரை. அவரு என்ன பண்றாரு? வாட்ஸப்ல போட்டோ பாத்து ஆர்டர் போட்டுட்டு பார்சல் ஆபீஸ்ல எடுத்துக்கறாரு. மொத்த வியாபாரிக்கு இதுல நஷ்டம் இல்ல, சரக்கு போகுது. நஷ்டம் அவரு நடந்து வந்திருந்தா சாப்ட்டிருக்க வேண்டிய ஓட்டலுக்கும், பொண்ணுக்கு கிளிப்பு வாங்கிருக்க வேண்டிய பேன்ஸி கடைக்கும்.

இப்ப மிச்சம் இருந்த டவுன் பஸ் ஸ்டாண்டும். பிராட்வே பஸ் ஸ்டாண்டையும் பக்கத்து குறளகம் கட்டடத்தையும் இடிச்சுட்டு 800 கோடிக்கு மேல செலவு பண்ணி பஸ்ஸு, பார்க்கிங்கு, கடை எல்லாம் சேந்த ஒரு பெரிய காம்ப்ளெக்ஸ் கட்டறது திட்டம், அது முடியற வரைக்கும் பஸ்ஸுங்கள ராயபுரம் பக்கமும் தீவுத்திடல் பக்கமும் பிரிச்சு விடறது ஏற்பாடு. பஸ் ஸ்டாண்டு இருந்த நெலம பாத்தவங்க யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க. ஆனா "தற்காலிகம்"ங்கற வார்த்தைய அரசாங்கம் சொல்றப்ப கொஞ்ச நாளுன்னு அர்த்தம், பூக்கடை ஓரம் பெல்ட்டு பர்ஸ் விக்கறவருக்கு அது நாலு தீபாவளி.

மெட்ரோ வந்தா கூட்டம் பிச்சுக்கும்னு சொன்னாங்க. வண்ணாரப்பேட்டை வரைக்கும் 2019 பிப்ரவரில வந்துச்சு, அங்கேர்ந்து விம்கோ நகர் வரைக்கும் 2021 பிப்ரவரில. அந்த ரெண்டாவது துண்டுக்கு 2016லயே வேலைய ஆரம்பிச்சுட்டாங்க, திருவொத்தியூர் ஹை ரோடுல அங்கங்க நீல தகரம் அடிச்சு வருஷக்கணக்கா வச்சிருந்தாங்க, தகரத்துக்கும் கடை வாசலுக்கும் நடுவுல ரெண்டு ஆளு எதிர எதிர வந்தா ஒருத்தர் பக்கவாட்டுல திரும்பிதான் போவணும். அதுல தாங்குனவங்க தாங்குனாங்க, தாங்காதவங்க ஷட்டர சாத்திக்கிட்டாங்க. சரி, வந்த மெட்ரோவாவது கூட்டம் கொண்டு வந்துச்சான்னா, கொண்டு வந்துச்சு, பூமிக்கு அடில. பஸ்ல போறவங்க சிக்னல்ல நிக்கறப்ப ஜன்னல் வழியா தொங்கற சுடிதார பாப்பாங்க, நாளைக்கு வரலாம்னு மனசுல ஒரு முடிச்சு போட்டுக்குவாங்க. மண்ணடி ஸ்டேஷன தாண்டி போறவங்களுக்கு தெரியறது கருப்பு கண்ணாடில அவங்க மூஞ்சி மட்டும். பொம்பளைங்களுக்கு டவுன் பஸ் ஃப்ரீ ஆனது 2021 மே மாசத்துல, அதுதான் எங்க தெருவுக்கு உண்மைலயே ஆள கொண்டு வந்துச்சு. அதே ஃப்ரீ பஸ் தி.நகருக்கும் போகுதுங்கறது தனி கதை.

எங்க வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பத்தி தனியா சொல்லணும், ஏன்னா அது பாரிஸ் மாதிரி இல்ல. கிழக்கிந்திய கம்பெனிக்காரன் காலத்துல ஏத்துமதி துணிய வெளுத்து குடுத்த வண்ணாருங்க இருந்த எடம்தான் வண்ணாரப்பேட்டை, பேர்லயே துணி இருக்கு. இன்னிக்கும் அங்க ஓடறது துணிதான். கல்யாணத்துக்கு மொத்த குடும்பத்துக்கும் எடுக்கறதுல இருந்து டெய்லி போடற நைட்டி வரைக்கும். தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல், ரம்ஜான்னு நாலு சீசன், காசிமேடு ராயபுரம் மண்ணடின்னு எல்லா சனமும் கலந்து வர்றதால ஒருத்தர் பண்டிகை முடிஞ்சா அடுத்தவங்க பண்டிகை. சூலூர்பேட்டை, கும்மிடிப்பூண்டி லோக்கல் புடிச்சு கொருக்குப்பேட்டைலயோ வண்ணாரப்பேட்டை ஸ்டேஷன்லயோ எறங்கி வர்ற ஆந்திரா கூட்டம் வேற.

போன ஆடி மாசம் ஒரு சனிக்கெழம நான் அங்க ஒரு நைட்டி கடைல உக்காந்து பில் புக் பாத்துட்டு இருந்தேன். ஓனர் அண்ணன் வாசல்ல நின்னு "ரண்டி அக்கா, லோபலிக்கி ரண்டி"ன்னு கூப்ட்டுட்டு இருந்தாரு, ஒரு அம்மாவும் பொண்ணும் வந்தாங்க. அம்மா நைட்டிய தையல் பிரிச்சு பாக்குது, கழுத்து ஜிப்ப ரெண்டு தடவ இழுத்து பாக்குது, வெலை 220. பொண்ணு போன எடுத்து போட்டோ புடிச்சு ஏதோ தேடிட்டு "அம்மா 189மா, வீட்டுக்கே வரும்"னுச்சு. அண்ணன் ஒண்ணும் கோவப்படல. "அது இன்னா துணின்னு கை வச்சு பாத்தியாம்மா? தண்ணில போட்டா முட்டி வரைக்கும் வந்துரும்"னாரு. அம்மா சிரிச்சுட்டு 200க்கு கேட்டுச்சு, 210ல முடிஞ்சுது. ரெண்டு எடுத்தாங்க. வழக்கமா நாலு எடுக்கற அம்மா அதுன்னு அவங்க போனதுக்கு அப்பால சொன்னாரு. அந்த மிச்ச ரெண்டுதான் ஆன்லைன் எடுத்துக்கறது. வாடிக்கைய மொத்தமா புடுங்கல, கை பையோட கனத்த கொறைக்குது.

அதுல எப்படி 189க்கு வருதுன்னா அதுக்கு மந்திரம் ஒண்ணும் இல்ல. சூரத்துல தைக்கறவன் நேரா ஆப்ல போடறான், நடுவுல ஏஜெண்டு இல்ல, கொடவுன் தெரு மொத்த கடை இல்ல, எம்.சி. ரோடு வாடகை இல்ல. மீஷோ 2021லயே விக்கறவன்கிட்ட கமிஷன் வாங்கறதில்லன்னு ஆக்கிடுச்சு. ஆனா நம்ம கடைக்காரருக்கு இன்னொரு கஷ்டம் இருக்கு, அத வெளிய இருக்கறவங்க யாரும் பேசறதில்ல. செட். மொத்த கடைல எடுத்தா எம், எல், எக்ஸெல், டபுள் எக்ஸெல்னு செட்டாதான் குடுப்பான், ஒரே டிசைன்ல எனக்கு எக்ஸெல் மட்டும் பத்து குடுன்னா குடுக்க மாட்டான். நம்ம ஏரியாவுல ஓடறது எக்ஸெல்லும் டபுள் எக்ஸெல்லும். அது ரெண்டும் போனதும் செட் ஒடஞ்சிடும். ஒடஞ்ச செட்டு எம் சைஸ் எல்லாம் மூட்டையா மேல லாஃப்ட்ல ஏறும், அதுல போட்ட காசு அங்கயே தூங்கும். லாபம் எங்கப்பா போச்சுன்னு கேட்டா நெறைய பேர் லாஃப்ட்டதான் காட்டுவாங்க.

அந்த மூட்ட கடைசில எறங்கறது பிளாட்பாரத்துல. இங்கதான் இன்னொரு தப்பு கணக்கு. தரைக்கடைக்காரங்களால கடைக்காரங்களுக்கு நஷ்டம்னு சங்கத்து மீட்டிங்ல பேசுவாங்க, கார்ப்பரேஷன் லாரி வந்து தூக்கிட்டு போனா சந்தோஷப்படற மாதிரி தெரியும். நெஜத்துல பாதி பிளாட்பாரத்துல கெடக்கறது உள்ள இருக்கற கடையோட ஒடஞ்ச செட்டுதான், "எது எடுத்தாலும் நூறு"ன்னு கத்தறது அதே கடை பையன்தான், இல்லேன்னா வாசல விட்டதுக்கு தெனம் ஒரு தொகை குடுக்கற ஆளு. நூறு ரூபா குவியல பாத்து நின்னவங்கதான் அப்படியே தலைய தூக்கி உள்ள பாக்கறாங்க. 2014லயே தெருவோர வியாபாரிகளுக்குன்னு மத்திய சட்டம் வந்துச்சு, கமிட்டி போட்டு, கணக்கெடுத்து, எங்க விக்கலாம் எங்க கூடாதுன்னு பிரிக்கணும்னு சொல்லுது. அது ஒழுங்கா நடந்திருந்தா வாரத்துக்கு ஒரு தடவ இந்த கண்ணாமூச்சி இருக்காது. நடக்கறவங்களுக்கு எடம் இல்லேங்கறதும் உண்மைதான், ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு போற ஆம்புலன்ஸ் அந்த பக்கம் மாட்டிக்கறத பாத்தா நமக்கே பதறும்.

இப்ப காசு விஷயத்துக்கு வரேன், என் தொழில் அதான். இந்த தெருவுல எவனும் ரொக்கம் குடுத்து சரக்கு எடுக்கறதில்ல. மொத்த கடைல கடன், அவரு மில்லுல கடன், இப்படியே ஈரோடு, சூரத்து வரைக்கும் போகும். மூணு மாசம் கழிச்சு சீசன் முடிஞ்சு குடுத்தா போதும், வார்த்தைதான் பத்திரம். 2024 மார்ச் முடியறப்ப இதுல ஒரு ஆணி அடிச்சாங்க. வருமான வரி சட்டத்துல 43பி(எச்)னு ஒரு பிரிவு: சின்ன உற்பத்தியாளர்கிட்ட சரக்கு வாங்குனா 45 நாளைக்குள்ள, எழுத்துல ஒப்பந்தம் இல்லேன்னா 15 நாளைக்குள்ள பணம் குடுத்துடணும், வருஷம் முடியறப்ப அப்படி கெடு தாண்டி நிக்கற பாக்கிய அந்த வருஷ செலவா கழிக்க முடியாது, அதுக்கும் சேத்து வரி கட்டணும். தைக்கறவனுக்கு பணம் சீக்கிரம் வரணுங்கறது நல்ல எண்ணம்தான். மூணு நாலு சதவீதம் மார்ஜின்ல ஓட்டற மொத்த வியாபாரிக்கு இது பெரிய தொகை, அவரு உடனே நம்ம ஆளுக்கு போன போட்டு "தம்பி, இனிமே தொண்ணூறு நாளெல்லாம் இல்ல, நாப்பது நாள்ல செட்டில் பண்ணு"ன்னாரு. சட்டம் நேரா சின்ன கடைய தொடல, தோராய வருமானம் காட்டி வரி கட்டற கடைங்களுக்கு இது பெருசா பாதிக்காது. தொட்டது கடைக்காரருக்கு கடன் குடுத்த கைய.

அப்ப நடுவுல வர்ற ஓட்டைய எதால அடைக்கறது? பேங்குல முத்ரா லோன் இருக்கு, 2024ல 20 லட்சம் வரைக்கும்னு ஏத்துனாங்க. நானே ஒரு கடைக்காரர கூட்டிட்டு ஒரு பேங்குக்கு நாலு நடை நடந்தேன். வருஷ விற்பனை 40 லட்சத்துக்கு கீழ இருந்தா ஜிஎஸ்டி பதிவே வேணாங்கறதால அவரு பதிவு பண்ணல, பதிவு இல்லாததால காட்ட ரிட்டர்ன் இல்ல, ரிட்டர்ன் இல்லாததால லோன் இல்ல. மேனேஜர் மேலயும் தப்பு சொல்ல முடியல, அவருக்கு காகிதம் வேணும். பிளாட்பாரத்துல விக்கறவருக்கு பிஎம் ஸ்வநிதின்னு 2020ல இருந்து கடன் குடுக்கறாங்க, ஷட்டர் இருக்கற நம்ம ஆளு அதுக்கு பெரிய மனுஷன், பேங்குக்கு சின்ன மனுஷன். மிச்சம் தண்டல். 10,000 ரூபா தண்டல்னா கைல வர்றது 9,000, தெனம் சாயங்காலம் 100 ரூபா, 100 நாள். ஆயிரம் ரூபாதானே வட்டின்னு தோணும். ஆனா முதல்நாளே திருப்பி குடுக்க ஆரம்பிச்சுடறீங்க, சராசரியா உங்க கைல இருக்கறது பாதி பணம்தான், கணக்கு போட்டா வருஷத்துக்கு 80 சதவீதம் கிட்ட வட்டி வருது. தண்டல்காரர் தெனமும் கரெக்டா ஏழு மணிக்கு வண்டிய ஓரமா ஸ்டாண்டு போட்டுட்டு வருவாரு, ஒரு கையெழுத்து கேக்க மாட்டாரு, ஆதார் கேக்க மாட்டாரு. அதனாலதான் அவரு ஜெயிக்கறாரு.

ஜிஎஸ்டி பத்தி வெளிய பேசறதுல பாதி தப்பு. 1.5 கோடி விற்பனை வரைக்கும் காம்போசிஷன்ங்கற சின்ன கடை திட்டத்த எடுத்தா ஒரு சதவீதம் கட்டிட்டு போயிடலாம், வரி அதிகம்னு சொல்ல முடியாது. 2025 செப்டம்பர் 22ல இருந்து 2,500 ரூபா வரைக்கும் துணிக்கு 5 சதவீதம்னு கொறைச்சது பெரிய கடைங்களுக்கு தீபாவளி. எங்க தெருவுல முக்காவாசி உருப்படி ஆயிரத்துக்கு கீழ, அதுக்கு ஏற்கனவே 5 சதவீதம்தான், ஒண்ணும் மாறல. உண்மைலயே கடிச்சது வாடகை வரி. கடை ஓனரு ஜிஎஸ்டி பதிவு இல்லாத ஆளா இருந்து வாடகைக்கு இருக்கறவரு பதிவு பண்ணவரா இருந்தா, வாடகை மேல 18 சதவீதத்த வாடகைக்காரரே கட்டணும்னு 2024 அக்டோபர் 10ல இருந்து வந்துச்சு. காம்போசிஷன்ல இருக்கறவங்களுக்கு அத திருப்பி எடுத்துக்க வழியே இல்ல, கூச்சல் போட்டதுல 2025 ஜனவரில அவங்களுக்கு மட்டும் விலக்கு குடுத்தாங்க. அந்த மூணு மாசம் நான் கட்டுன சலான எல்லாம் இன்னும் பைல்ல இருக்கு, அத பாத்தா எனக்கே எரியும்.

அப்புறம் யுபிஐ. டீக்கடைலயே ஸ்பீக்கர் கத்துது, வேண்டாம்னு சொல்ல முடியாது, கமிஷனும் இல்ல. ஆனா 2025 ஜூலைல பெங்களூர்ல சின்ன வியாபாரிங்களுக்கு யுபிஐ வரவ வச்சே வரி நோட்டீஸ் போச்சுன்னு நியூஸ் வந்ததும் இங்கயும் ரெண்டு நாள் க்யூஆர் அட்டைய கவுத்து வச்சாங்க. "அக்கா கேஷ் இருந்தா குடுங்கக்கா." அக்கா கிட்ட கேஷ் இல்ல. அக்கா போயிட்டாங்க. மூணாவது நாள் அட்டை திரும்ப நிமிந்துடுச்சு.

வாடகைய சொல்லாம விட்டா முழுசாகாது. ஜார்ஜ் டவுன்ல எத்தனையோ கடை தாத்தா காலத்துல பகடின்னு ஒரு மொத்த தொகை குடுத்து புடிச்சது, பேப்பர் கெடையாது, வாடகை கம்மி, 1960 வாடகை கட்டுப்பாட்டு சட்டம் காப்பாத்திட்டு இருந்துச்சு. 2019 பிப்ரவரி 22ல புது வாடகை சட்டம் அமலுக்கு வந்து பழசு போயிடுச்சு, இனிமே எழுத்துல ஒப்பந்தம் போட்டு பதியணும், காலம் முடிஞ்சா ஓனர் காலி பண்ண சொல்லலாம். சட்டமா பாத்தா தெளிவா இருக்கு. நெலத்துல பாத்தா, பாட்டன் சொத்து ஏழு பங்காளிங்க கைல, அதுல ஒருத்தர் வித்துடலாம்னு சொன்னா போதும், நாலு பழைய கடை இருந்த எடத்துல லிஃப்ட் இல்லாத மூணு மாடி, மாடிக்கு பத்து பொந்து. 2022ல கார்ப்பரேஷன் சொத்து வரிய வணிக கட்டடத்துக்கு 150 சதவீதம் ஏத்துனப்ப அதுவும் வாடகைல வந்து உக்காந்துச்சு. மாடி ஏறி யாரு வந்து கர்சீப்பு வாங்குவா? கீழ இருந்த பேன்ஸி கடை மேல போச்சுன்னா அது கடை இல்ல, குடோன்.

மழைய பத்தி ரெண்டே வரி. மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் 4, கிறிஸ்துமஸுக்கு மூணு வாரம், எல்லாரும் கடன்ல சரக்கு எறக்கி கீழ் ரேக் வரைக்கும் அடுக்கி வச்சிருந்த நேரம். தொழிலுக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கற கடைன்னு எனக்கு தெரிஞ்சு எங்க தெருவுல ஒண்ணு, அதுவும் லோனுக்காக பேங்கு கட்டாயப்படுத்துனது.

அந்த நைட்டி கடை அண்ணன் பொங்கலுக்கு முன்னாடி என்ன கூப்ட்டு ஒரு யோசனை கேட்டாரு. பக்கத்து கடை காலியாகுது, வளையல் கடை, முப்பது வருஷ கடை, அவரு பையன் ஏதோ டெலிவரி கம்பெனில சூப்பர்வைசரா சேந்துட்டான். அத எடுத்து செவுத்த ஒடச்சு ஒண்ணாக்கிடலாமான்னு. நான் அட்வான்ஸு, வாடகை, கரண்ட் எல்லாம் போட்டு காட்டுனேன், ஒரு நாளைக்கு எத்தன நைட்டி கூட விக்கணும்னு வந்துச்சு. அவரு அந்த நம்பர பாக்கவே இல்ல. "வளையலுக்கு வர்றவங்கதான் தம்பி எனக்கு வர்றவங்க. அவரு போயிட்டாருன்னா அந்த எடத்துல நான் நைட்டி வச்சு இன்னா பண்ணப் போறேன், வேற ஒரு வளையல் கடைக்காரர் யாராச்சும் இருந்தா சொல்லு"ன்னாரு. ரெண்டு பேர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். இன்னும் யாரும் வரல.